உணவுச் சங்கிலியில் சக்தியின் வரவு செலவு

ஒரு நாட்டின் செல்வ நிலையை மதிப்பிட முற்படும் பொருளாதார அறிஞர்கள், அந்நாட்டில் ஆண்டுதோறும் புதிதாக உற்பத்தியாவது எவ்வளவு, அதில் தேய்மானம் போக எஞ்சுவது எவ்வளவு, அது யார் யார் கைக்குச் செல்கிறது என்ற மூன்று வினாக்களை எழுப்புவது வழக்கம். இதே வினாக்களை ஒரு குளத்தைப் பற்றியும் ஒரு காட்டைப் பற்றியும் எழுப்பலாம். அங்கே நாணயமாக விளங்குவது ரூபாயன்று, கலோரி. ஈட்டித் தருவது தாவரம். முதலீடு செய்வது சூரியன். இந்தக் கணக்கைப் புரிந்து கொள்ளாமல் மீன்வளம், கால்நடை, வனவிலங்கு, நகரக் கழிவுநீர் ஆகியவை பற்றித் தீட்டப்படும் திட்டங்கள் சில சமயம் ஏட்டளவில் சரியாக இருந்து நடைமுறையில் பொய்த்துப் போவதுண்டு. ஆகவே, இதன் அடிப்படைகளை மாணவர்களும் நிர்வாகத் துறையினரும் அறிந்திருத்தல் பயன் தரும்.

பச்சையம் உள்ள தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு நீரையும் கரியமில வாயுவையும் சர்க்கரையாக மாற்றுகின்றன. இவற்றை உற்பத்தியாளர் என்கிறோம். தாவரங்களைத் தின்று வாழும் வெட்டுக்கிளி, மான், மாடு போன்றவை முதல்நிலை நுகர்வோர். அவற்றைத் தின்பவை இரண்டாம் நிலை. அவற்றையும் தின்பவை மூன்றாம் நிலை. இறந்த உடல்கள், சருகு, சாணம் ஆகியவற்றைச் சிதைத்து மண்ணுக்குத் திருப்பும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சிதைப்போர். "உணவுச் சங்கிலி" என்ற கருத்தை 1927-ல் தமது நூலின் மூலம் நிலைநாட்டியவர் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் சார்லஸ் எல்டன். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் எவ்வளவு சக்தி கைமாறுகிறது என்று அளந்து காட்ட முனைந்தவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு சிறு ஏரியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரையை முதலில் மதிப்பிட்ட அறிஞர் இருவர், ஒரே ஏரியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கோட்பாடா என்ற ஐயத்துடன் ஏற்க மறுத்தனர். பின்னர் அது 1942-ல் வெளிவந்தபோது லிண்டமன் உயிருடன் இல்லை. இருபத்தாறு வயதிலேயே காலமாகிவிட்டார். இன்றைய சூழலியல் பெரும்பாலும் அக்கட்டுரையின் மீதுதான் எழுந்து நிற்கிறது.

நூறில் ஒன்று, பத்தில் ஒன்று

எண்களைக் கொண்டு பார்த்தால் செய்தி தெளிவாகும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற நீரூற்றில் ஹோவர்டு ஓடம் என்பார் செய்து 1957-ல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அந்நீர்ப்பரப்பின் ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு விழும் சூரிய சக்தி சுமார் 17 லட்சம் கிலோ கலோரி. அதில் நீர்த்தாவரங்கள் உணவாக மாற்றியது 20,810 மட்டுமே. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். இந்த 20,810-லும் தாவரங்கள் தாம் உயிர் வாழ்வதற்காகச் சுவாசித்துச் செலவிட்டவை போக நிகரமாக எஞ்சியது 8,833. தாவர உண்ணிகளைச் சென்றடைந்தது 3,368. அவற்றைத் தின்ற ஊன் உண்ணிகளுக்குக் கிட்டியது 383. உச்சியில் இருந்த பெரிய மீன்களுக்கு 21. பதினேழு லட்சத்தில் தொடங்கிய வரவு, நான்கே படிகளில் இருபத்தொன்றாகச் சுருங்கிவிட்டது!

இச்சுருக்கம் திருட்டினாலோ நிர்வாகக் கசிவினாலோ ஏற்படுவதன்று. உயிருள்ள ஒவ்வொன்றும் நடமாடவும், உடல் வெப்பத்தைக் காக்கவும், திசுக்களைப் புதுப்பிக்கவும் உண்டதில் பெரும் பகுதியை எரிக்கிறது. அது வெப்பமாக வெளியேறி வானில் கலக்கிறது. உண்ட உணவில் செரிக்காத பகுதி கழிவாகிறது. தின்னப்படாமலே இறந்து மக்குவதும் உண்டு. இவையெல்லாம் போக உடலாகச் சேர்வதுதான் அடுத்த நிலையினருக்கு உணவு. பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு என்று பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. ஓடம் தந்த எண்களிலேயே இந்த விகிதம் ஓரிடத்தில் 16 விழுக்காடாகவும், அடுத்ததில் 11 விழுக்காடாகவும், கடைசியில் ஐந்தரை விழுக்காடாகவும் இருப்பதைக் காணலாம். பத்து என்பது நினைவில் வைத்துக் கொள்வதற்கு வசதியான சராசரி. தேர்வு எழுதும் மாணவர்கள் அதனை மாறாத விதியாகக் கொள்ளத் தேவையில்லை.

இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டைச் சுட்டியாக வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சுண்ணாம்பு முதலிய பொருள்கள் மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து விலங்குக்கும், மீண்டும் மண்ணுக்கும் சுழன்று வருகின்றன. சக்தி அவ்வாறு சுழல்வதில்லை. ஒரு வழிப் பாதையில் வந்து, செலவாகி, வெப்பமாக மறைந்து விடுகிறது. சத்துப் பொருள்களைச் சேமித்து வைக்கலாம், திருப்பி ஊட்டலாம். சூரியனிடமிருந்து பெறும் வரவோ அன்றாடம் வந்தாக வேண்டும். இந்த வேறுபாடு கொல்கத்தாவைப் பற்றிப் பேசும்போது நமக்குப் பயன்படும்.

உச்சியில் இருப்பவரின் உணவுச் செலவு

உணவுச் சங்கிலிகள் ஏன் நான்கைந்து கண்ணிகளுக்கு மேல் நீளுவதில்லை, புலிகள் ஏன் மான்களைப் போல் கூட்டங்கூட்டமாகத் திரிவதில்லை என்பதற்கு மேற்கண்ட கணக்கே பெரும்பாலும் விடையாகும். வளர்ந்த புலி ஒன்றுக்கு ஆண்டுக்கு மான் அளவிலான இரை சுமார் 50 தேவை. இரை விலங்குக் கூட்டம் குன்றாமல் இருக்க, அதில் ஆண்டுக்குப் பத்தில் ஒன்றை மட்டுமே வேட்டை விலங்குகள் எடுக்கலாம் என்பது கள ஆய்வாளர் கருத்து. (இந்தப் பத்தில் ஒன்று எண்ணிக்கையைப் பொறுத்தது, முன்னர் சொன்ன கலோரிக் கணக்கோடு இதனைக் குழப்பிக் கொள்ளலாகாது.) எனவே ஒரு புலிக்குப் பின்னால் ஏறத்தாழ 500 இரை விலங்குகள் உயிருடன் நிற்க வேண்டும், அவற்றுக்குப் பின்னால் அவற்றுக்கேற்ற புல்வெளியும் நீர்நிலையும் இருக்க வேண்டும். புலிப் பாதுகாப்புத் திட்டம் 1973-ல் ஒன்பது காப்பகங்களுடன் தொடங்கப் பெற்றது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் புலிகளின் சராசரி எண்ணிக்கை 3,682. ஐந்நூறால் பெருக்கிப் பார்த்தால் பதினெட்டு லட்சம் இரை விலங்குகள் வேண்டும் என்றாகிறது. புலிகளின் எண்ணிக்கை நாளேடுகளில் முதற்பக்கச் செய்தியாகிறது. புல்லின் நிலை அவ்வாறு ஆவதில்லை. ஒதுக்கீடு செய்யும் அதிகாரி பார்க்க வேண்டிய ஐந்தொகை உண்மையில் புல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

மனிதருக்கும் இக்கணக்கு பொருந்தும். தானியத்தை நேராக உண்டால் ஒரு படி. அதே தானியத்தை விலங்குக்கு ஊட்டி இறைச்சியை உண்டால் இரண்டு படிகள். ஒரு படி கூடுவதால் இழப்பும் கூடுகிறது. மேலை நாடுகளில் இதனை ஆதாரமாகக் கொண்டு கால்நடை வளர்ப்பே வீண் செலவு என்று வாதிடுவோர் உளர். அங்கே மாடுகளுக்கு மக்காச்சோளமும் சோயாவும் ஊட்டப்படுவதால் அவ்வாதத்தில் வலு உண்டு. நம் நாட்டுச் சிற்றூர் மாட்டுக்கு அதை அப்படியே பொருத்துவது பிழையாகும். நம் மாடு தின்பது பெரும்பாலும் வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு, வரப்புப் புல்; மனிதன் உண்ண இயலாதவை. மேற்கு வங்கத்தின் சிங்கூர் வட்டாரத்தில் ஸ்டுவர்ட் ஓடெண்டால் என்ற ஆய்வாளர் செய்து 1972-ல் வெளியிட்ட ஆய்வில், உழவு, பால், எரிபொருளாகும் சாணம் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, அம்மாடுகள் உட்கொண்ட சக்தியில் 17 விழுக்காடு அளவுக்கு மனிதருக்குப் பயனாகத் திருப்பித் தந்தன என்று கண்டார். அமெரிக்க மேய்ச்சல் நில மாடுகளுக்கு இது நான்கு விழுக்காட்டிற்கும் குறைவு. நம் மாடுகள் உயர்ந்த இனம் என்பதன்று இதன் பொருள். எதையும் வீணாக்க இயலாத ஏழை உழவர் கையில் அவை இருந்தன என்பதே. டிராக்டரும் எரிவாயுவும் பரவிய இந்நாளில் அந்த 17 என்ற எண் அப்படியே நீடிக்கும் என்று கொள்வதற்கில்லை.

ஒரே குளத்தில் ஆறு பந்திகள்

சங்கிலியின் கீழ்க்கண்ணியிலிருந்து உண்பதே சிக்கனம் என்ற உண்மையை நம் நாட்டு மீன்வள அறிவியலார் நன்கு பயன்படுத்தியுள்ளனர். கெண்டை மீன்கள் தேங்கிய குளத்து நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. ஆற்று வெள்ளத்தில் குஞ்சு சேகரிக்க வேண்டியிருந்தது. பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறு செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்வதில் 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் டாக்டர் ஹீராலால் சவுத்ரி ஒடிசாவில் வெற்றி கண்டார். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. குஞ்சுக்குக் குறைவில்லை என்றானதும் கூட்டு மீன் வளர்ப்பு முறை விரிவடைந்தது. கட்லா நீரின் மேற்பரப்பில் உள்ள மிதவை நுண்ணுயிர்களை உண்ணும்; ரோகு நடுவில் மேயும்; மிருகால் அடிச்சேற்றின் மக்கிய பொருளைத் தின்னும். வெளிநாடுகளிலிருந்து வந்த வெள்ளிக் கெண்டை நுண்பாசியை வடித்துண்ணும். புல் கெண்டை நீர்க்களைகளைத் தின்னும். சாதாக் கெண்டை அடியில் கிடைத்ததையெல்லாம் உண்ணும். ஒரே குளத்தில் ஒருவர் இலையில் மற்றவர் கை வைக்காமல் ஆறு பேர் பந்தியில் அமர்ந்தது போலாகும் இது. விராலைப் போன்ற ஊன் உண்ணி மீன் இயற்கைக் குளத்தில் ஏன் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையில் ஏன் கூடுதல் விலைக்குப் போகிறது என்பதற்கும் இதில் ஓரளவு விளக்கம் உண்டு. அதன் விலையில் இன்னொரு படியின் சக்திச் செலவும் அடங்கியிருக்கிறது.

கொல்கத்தாவின் கிழக்கு ஓரம்

இக்கோட்பாடுகள் யாவும் ஒருங்கே செயல்படுவதைக் காண விரும்புவோர் கொல்கத்தா நகரின் கிழக்கு எல்லைக்குச் செல்ல வேண்டும். அங்கே சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் ஏரிகளும், வயல்களும், காய்கறித் தோட்டங்களும் பரந்துள்ளன. முன்னாளில் இவை கடல் ஓதம் ஏறி இறங்கும் உப்பேரிகளாக இருந்தன. பித்யாதரி ஆறு வண்டல் படிந்து தூர்ந்தபின் உப்புநீர் வரத்து நின்றது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வட்டார மீன் வளர்ப்போர், நகரிலிருந்து கால்வாய் வழியே வந்த சாக்கடை நீரைத் தம் ஏரிகளுக்குள் அளவாகத் திறந்துவிட்டு மீன் வளர்க்கத் தொடங்கினர். எந்த ஆய்வுக்கூடமும் அவர்களுக்கு இதனைக் கற்பிக்கவில்லை.

"பேரி" என்று அழைக்கப்பெறும் இவ்வேரிகளின் நுட்பம் அவற்றின் ஆழமின்மையில் உள்ளது. பெரும்பாலும் இடுப்பளவு நீர்தான். சூரிய ஒளி நீருக்குள் நன்கு ஊடுருவுகிறது. குளிர்காலத்தில் நீரை வடித்து, அடிச்சேற்றைக் காயவிட்டு, கரையைச் செப்பனிடுகின்றனர். பிறகு கழிவுநீரை விட்டுச் சில வாரங்கள் அப்படியே தேங்கவிடுகின்றனர். கழிவிலுள்ள கரிமப் பொருளைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அதனை வழங்குவது நுண்பாசி. பாசிக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் கரியமில வாயுவும் வேண்டும். அவற்றைத் தருவது பாக்டீரியாக்களின் சிதைவு வேலை. இவ்விரண்டின் கொடுக்கல் வாங்கலில் நீர் பச்சை நிறமாக மாறுகிறது. அதன் பின்னரே மீன்குஞ்சுகள் விடப்படுகின்றன. கழிவுநீரும் தவணை முறையில் சிறிது சிறிதாகச் சேர்க்கப்படுகிறது.

மீன் இல்லாமல் பாசி மட்டும் பெருகினால் என்ன ஆகும்? பகலில் ஆக்சிஜனை வெளிவிடும் அதே பாசி இரவில் அதனை உட்கொள்ளும். பாசி மிகுந்த குளத்தில் விடியற்காலையில் நீரின் ஆக்சிஜன் அற்றுப்போய் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மீன்கள் பாசியை மேய்ந்து கொண்டே இருப்பதால் அது அளவோடு நிற்கிறது. நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே எவ்வளவு கழிவுநீர் விடலாம் என்று தீர்மானிக்கும் தொழிலாளர் இங்குண்டு. கரையோரமாக மூங்கில் கட்டி நிறுத்தப்படும் ஆகாயத்தாமரை, அலையினின்று கரையைக் காப்பதோடு நீரிலுள்ள மாசுகள் சிலவற்றை உறிஞ்சிக் கொள்கிறது. வேறிடங்களில் ஒழிக்கப் பணம் ஒதுக்கும் களை இங்கே வேலைக்காரனாக நிற்கிறது.

சக்தியின் கணக்கில் இதனை எழுதிப் பார்ப்போம். நகர மக்கள் உண்ட அரிசியிலும் மீனிலும் இருந்த சக்தியில் பெரும்பகுதி அவர்கள் உடலிலேயே வெப்பமாகச் செலவாகிவிட்டது. சாக்கடையில் வருவது எஞ்சிய சிறு பகுதியும், ஏராளமான சத்துப் பொருள்களுமாகும். அச்சத்துகள் மீண்டும் உணவாக வேண்டுமெனில் புதிய சக்தி வேண்டும். அதனை வெங்காளத்துச் சூரியன் கட்டணமின்றி வழங்குகிறது. ஓர் இயந்திர சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றடிக்கும் மோட்டார்கள் மின்சாரம் கொண்டு செய்வதை இங்கே பாசி செய்கிறது. அத்துடன் மீனும் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டன் மீன் இங்கிருந்து நகருக்குச் செல்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஏரிகளிலிருந்து வெளிப்படும் நீர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. தாபா பகுதியில் நகரக் குப்பை மேட்டையொட்டிய நிலத்தில் காய்கறி பயிராகிறது. ஏழை மக்கள் மலிவாக மீனும் கீரையும் வாங்கி உண்பதற்கு இது பெரிதும் துணை செய்கிறது.

1980-களின் தொடக்கத்தில் மாநில அரசின் பொறியாளர் துருபஜோதி கோஷ், நகரின் கழிவுநீர் எங்கே சென்று என்னவாகிறது என்று ஆராயப் புகுந்து, இம்முறையின் சிறப்பை ஆட்சியாளர்க்கும் உலகிற்கும் எடுத்துரைத்தார். நகரம் கிழக்கே விரிவடைய இடம் கேட்டுக் கொண்டிருந்த காலம் அது. ஒரு தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில், ஈரநிலத்தைப் பிற பயன்களுக்கு மாற்றக் கூடாதெனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1992-ல் கட்டுப்பாடு விதித்தது. 2002-ல் இப்பகுதி ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. 2006-ல் மாநிலச் சட்டமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இவ்வளவு இருந்தும் ஏரிகள் தூர்க்கப்படுவது நின்றுவிட்டதாகக் கூற முடியாது. காரணம் எளியது. ஒரு ஏக்கர் மனை என்ன விலை பெறும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு ஏக்கர் பாசி நகராட்சிக்கு மிச்சப்படுத்தும் மின்கட்டணம் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு வரியாகக்கூட எழுதப்படுவதில்லை. கால்வாயில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டால் கடைக்கோடி ஏரிகளுக்குக் கழிவுநீரே எட்டாது. அங்கே பாசி இல்லை, மீன் இல்லை, வேலை இல்லை. பிறகு நிலத்தை விற்க ஆளும் தானாகக் கிடைப்பார்.

இன்னொரு அபாயமும் உண்டு. சக்தி படிக்குப் படி குறைகிறது என்றோம். சில நச்சுப் பொருள்கள் அதற்கு நேர் எதிராக நடந்து கொள்கின்றன. டி.டி.டி. போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகளும், பாதரசத்தின் சில வடிவங்களும் உடலில் எரிவதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. பத்துக் கிலோ இரையைத் தின்று ஒரு கிலோ உடலாகும் விலங்கு, பத்துக் கிலோவில் இருந்த நஞ்சின் பெரும்பகுதியையும் தன்னிடம் வைத்துக் கொள்கிறது. வேளாண்மையில் டி.டி.டி. பயன்படுத்துவதை 1989-ல் நாம் தடை செய்தோம். ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் ஒரே கால்வாயில் கலக்கும் இடமெல்லாம் இக்கணக்கை மறக்கலாகாது. வீட்டுச் சாக்கடை பாசிக்கு உணவு. ஆலைக் கழிவு அப்படியன்று.

உண்ணப்படாத உணவு எங்கே செல்கிறது

சிதைப்போரையும் பிணந்தின்னிகளையும் பாடநூல்கள் கடைசிப் பத்தியில் தள்ளிவிடுகின்றன. நம் நாட்டுக் கழுகுகளின் கதை அப்பத்திக்கு இருக்கும் விலையைக் காட்டுகிறது. மாட்டின் வலிக்குத் தரப்பட்ட டைக்ளோபினாக் மருந்து, அம்மாடு இறந்தபின் அதனைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990-களில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் வெண்முதுகுக் கழுகு உள்ளிட்ட இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004-ல்தான் உறுதிப்பட்டது; கால்நடைகளுக்கு அம்மருந்து தருவது 2006-ல் தடை செய்யப்பட்டது.

கழுகு போனதால் மாட்டுப் பிணத்திலிருந்த சக்தி மறைந்து விடவில்லை. கழுகுக் கூட்டம் ஒரு மணி நேரத்திற்குள் முடித்திருக்கக் கூடிய விருந்து, நாட்கணக்கில் கிடந்து தெரு நாய்களுக்கும் எலிகளுக்கும் கிருமிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த உணவைக் கொண்டு நாய்கள் பெருகின. சூழல் மண்டலத்தில் உரிமை கோரப்படாத வைப்புத் தொகை என ஒன்று கிடையாது. ஒருவர் எடுக்காததை இன்னொருவர் எடுத்துக் கொள்வார். அந்த இன்னொருவர் யார் என்பதுதான் நம்மைப் பாதிக்கிறது. பொருளாதார அறிஞர்கள் இருவர், கழுகுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் முன்பே அவை குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் பறிபோயின என்று மதிப்பிட்டனர். வெறிநாய்க்கடியும், பிணங்களால் மாசுற்ற நீரும் இதற்கு வழிகளாகக் கூறப்பட்டன. மலிவான ஒரு வலி மருந்தின் விலைச்சீட்டில் இச்செலவு அச்சிடப்பட்டிருக்கவில்லை.

அரியானாவில் பிஞ்சோரிலும் வேறு சில இடங்களிலும் கழுகுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் பணி நடைபெறுகிறது. அதே தீங்கை விளைவிக்கக் கூடிய அசிக்ளோபினாக், கீட்டோபுரோபென் ஆகிய மருந்துகளும் கால்நடை மருத்துவத்திலிருந்து 2023-ல் விலக்கப்பட்டன. கழுகு இணை ஒன்று ஆண்டுக்கு இடுவது ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.